பூனைப் பயமும் குடல்வால் ஆபரேஷனும்

எஸ்டேட்டில் பாம்பு வந்துவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆம்பிளைகள் கம்பு தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் போய் அடித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, திரும்பச் சோறு வடிக்க வந்திருக்கிறேன். விடியாத இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போனவள் நான். பன்றி குறுக்கே ஓடினால் நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே நடப்பேன். கணக்கு எழுதுகிற கிராணி அதட்டினால் நானும் அதட்டுவேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதைப் படித்துவிட்டு யாரும் என்னை அப்படிப்பட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது.

எனக்குப் பூனை என்றால் பயம்.

மலேசியாவின் இந்த ஜோகூரில் பூனைக்குப் பயந்துகொண்டு வாழ்வது லேசான காரியம் இல்லை. சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு அடியில் இருக்கும். பசாரில் மீன்காரன் முன்னால் இருக்கும். கிளினிக் வாசலில், போஸ்ட் ஆபீஸ் படியில், நிறுத்தி வைத்த காரின் மேல் படுத்திருக்கும். மலாய்க்காரர்கள் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்வார்கள், ஒருவரும் விரட்ட மாட்டார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் நான் முதலில் குனிந்து செருப்பைச் சரிசெய்வேன். உண்மையில் மேசைக்கு அடியில் பார்க்கிறேன். உட்கார்ந்ததும் இரண்டு காலையும் நாற்காலியில் மடக்கிக்கொள்வேன். கேட்டால் வாதம் என்பேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகன் கல்யாணம் செய்து ஜோகூர் பாருவில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கினான். நான் லாயாங் லாயாங் என்ற ஊரில் தனியாக இருக்கிறேன். மருமகள் வரும்போது சீரோடு ஒரு பூனையையும் கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் வளர்த்தது. தாய் இல்லாத பெண், அவளுக்கு அது ஒரு துணை. அன்றிலிருந்து நான் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டியதில்லை.

“சாமி மாடம் இருக்குற வீட்டுல பூனை முடி பறக்குது. அந்தச் சோத்துல நான் கை வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். மருமகள் தினம் வீட்டைத் துடைத்தாள். நான் வருகிற அன்று பூனையை அறையில் போட்டுக் கதவைச் சாத்துவதாகச் சொன்னாள். அப்போதும் நான் காரைவிட்டு இறங்கவில்லை. பலகாரத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பெரிய ராங்கிக்காரி மாமியார் என்று அவள் பக்கத்துச் சொந்தங்கள் பேசினது என் காதுக்கு வந்தது. பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ராங்கிக்காரி என்ற பேரோடு நிமிர்ந்து நடக்கலாம். பூனைக்குப் பயந்தவள் என்ற பேரோடு நடக்க முடியாது.

பிறகு மருமகள் உண்டானாள். பிள்ளை பெற்ற உடம்புக்குப் பத்தியம் வைத்துக் கொடுக்க, தண்ணீர் ஊற்ற, என்னைவிட்டால் ஆள் கிடையாது. மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்பே பாலத்தைத் தாண்டிப் போகிறவன், பொழுது சாய்ந்துதான் வருவான். ‘அம்மா வந்துருவாங்க’ என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். நானும் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். எப்படி வருவது என்று மட்டும் யோசிக்கவில்லை.

குட்டு உடைந்தது ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில். மகன் லீவு போட்டிருந்தான், நானும் அவனும் மருமகளை செக்கப்புக்குக் கூட்டிப் போய்விட்டு, நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தோம். அவளுக்கு ஆறாம் மாதமோ என்னவோ. நான் குனிந்து பார்த்தேன், எதுவும் இல்லை. பேச்சு சுவாரசியத்தில் காலைக் கீழே விட்டுவிட்டேன். திடீரென்று கணுக்காலில் ஒன்று உரசியது. மெத்தென்று, சூடாக.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, மகன் சொல்லித்தான் தெரியும். ஒரு கத்துக் கத்திக்கொண்டு நாற்காலி மேல் ஏறியிருக்கிறேன். மேசை சாய்ந்துவிட்டது. கொதிக்கக் கொதிக்க இருந்த தே தாரேக் டீ மருமகளின் தொடையில் கொட்டியது. இன்னும் கொஞ்சம் மேலே கொட்டியிருந்தால் வயிறு.

கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு சீனக் கிழவர் பன்றி பூந்துவிட்டதாக நினைத்து எழுந்துவிட்டார். கடைக்காரத் தம்பி ஓடி வந்து அந்தப் பூனையைக் கையில் தூக்கிக் காட்டினான். “அம்மா, இதுவாம்மா? இது குட்டிம்மா!” என்று சிரித்தான். உள்ளங்கை அளவுதான் இருந்தது. நான் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தேன்.

காரில் ஏறினோம். மருமகள் கைக்குட்டையில் ஐஸ் கட்டித் தொடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“முடியெல்லாம் ஒண்ணும் இல்ல, பயந்தானா?” என்றான் மகன்.

நான் வெளியே பார்த்தேன்.

“சொல்லியிருக்கலாம்லம்மா. பூனையை யார்கிட்டயாச்சும் குடுத்துடலாம்.”

“குடுத்துடலாங்க” என்றாள் மருமகள். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. தாய் இல்லாத பெண்ணிடமிருந்து இருக்கிற துணையையும் பிடுங்கப் போகிறேன், அதுவும் சுடச்சுட டீயை மேலே கொட்டிவிட்டு.

“என்னால ஒரு சீவன் வீட்டைவிட்டுப் போக வேணாம்” என்றேன்.

“அப்ப நீங்க வர மாட்டீங்களே அத்தை.”

மருமகள் ஒரு கிளினிக்கில் கிராணி வேலை பார்க்கிறவள். இந்தப் பயத்துக்கு வைத்தியம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் மனசு வைத்தியம் பார்க்கிறவர்கள் செய்கிறார்கள் என்றாள்.

“என்னைத் தம்போய்க்கா அனுப்பப் பாக்குறீங்க?” என்று சத்தம் போட்டேன். எங்கள் காலத்தில் தம்போய் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று அர்த்தம். ஆனால் ஐஸ் உருகி அவள் சட்டை நனைந்துகொண்டிருந்தது. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மனசு வைத்தியம் பார்த்தது ஒரு மலாய்ப் பெண். டாக்டர் இல்லை, வேறு பேர் என்று மகன் சொன்னான். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாரும் டாக்டர்தான். என் மலாய் பசாருக்குப் போதும், மீனுக்கும் முட்டைக்கும் பேரம் பேசுவேன். மனசைப் பேச அந்த மலாய் எட்டாது. அதனால் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்பதைத் தமிழில் சொன்னான்.

பயம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். சின்ன வயதிலிருந்தே என்றேன். அப்புறம் அவர் ஒன்று கேட்டார். மகன் உடனே சொல்லவில்லை. பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினான்.

“என்னடா கேக்குறாங்க?”

“ஒண்ணுமில்லமா. உங்களுக்கு அது எப்ப நின்னுச்சுன்னு கேக்குறாங்க.”

“எது?”

“அதான்மா. மாசாமாசம்.”

பெற்ற பிள்ளை வாயால் அதைக் கேட்க வேண்டி வந்ததே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனுக்கும் காது சிவந்துவிட்டது. “பூனைக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?” என்றேன். அவன் கேட்டுச் சொன்னான். பொம்பளைகள் உடம்பில் ஊறுகிற ஹார்மோன் கூடுவதும் குறைவதும், பயம் தெளிகிற விதத்தை மாற்றலாமாம். இந்த வைத்தியத்துக்கு வருகிற பொம்பளைகள் எல்லாரிடமும் கேட்பாராம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகனே அவரிடம் பதில் சொல்லிவிட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். “அம்பது வயசுன்னு சொல்லிட்டேன்மா. சரிதானே? நான் வேலைக்குப் போன பெறகு லீவுல வந்தாக்கூட, அந்த நாள்ல வெளக்கு ஏத்த என்னைத்தானே கூப்பிடுவீங்க.”

அம்மாவைப் பற்றித் தனக்குத் தெரியும் என்ற பெருமை அவன் முகத்தில் இருந்தது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அது உண்மை இல்லை. சின்ன வயதிலிருந்து பயம் என்று சொன்னதும் உண்மை இல்லை.

மகனுக்கு எட்டு வயது இருக்கும்போது எனக்கு உதிரம் நிற்காமல் போயிற்று. கட்டி என்றார்கள். கர்ப்பப்பையையும் அதற்கு இரண்டு பக்கமும் இருந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். நான் நாற்பதைக்கூடத் தொடவில்லை. எஸ்டேட் வரிசை வீடுகளில், லயத்தில், குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னோம். அந்தப் பேரை யோசித்துச் சொன்னது என் வீட்டுக்காரர். அவருக்கு அவர் மானம், எனக்கு என் மானம். எனக்கு முன்னால் லயத்தில் ஒருத்திக்கு இப்படி எடுத்திருந்தார்கள். குழாயடியில் அவளை ‘வெறுங்கூடு’ என்று பேசினார்கள். அவள் புருஷனுக்கு வேறு இடம் பார்க்கலாமே என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் குடத்தோடு அங்கே நின்றவள்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தேன். பகல் நேரம், எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கைக்குழந்தையோடு இருந்தாள். லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பூனைகள் அந்தச் சுவர் மேலேயே வீடு வீடாக நடக்கும். அப்படி நடந்த ஒன்று என்ன நினைத்ததோ, மேலிருந்து குதித்தது. நேரே என் அடிவயிற்றில், தையல் போட்ட இடத்தில்.

கத்தியிருப்பேன். கத்தினால் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வருவாள். வந்தால் துணியை விலக்கிப் பார்ப்பாள். குடல்வாலுக்குக் கட்டு அந்த இடத்தில் இருக்காது. அதனால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பூனை பயப்படவும் இல்லை, போகவும் இல்லை. சூடாக இருந்தது போலிருக்கிறது, அங்கேயே சுருண்டு படுத்துக்கொண்டது. அதுவாக எழுந்து போகிற வரைக்கும் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதற்கு முன்னால் பூனையை விளக்குமாற்றால் தட்டி விரட்டியவள் நான்.

அதோடு முடியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவளை மற்றப் பெண்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு மாதம்கூட ஒதுங்காமல் வந்தால் கேள்வி வரும். ஆகவே நான் மாதாமாதம் ஒதுங்கினேன். ஒன்றும் இல்லாமலேயே ஒதுங்கினேன். சுத்தமான பழந்துணியை நனைத்து, பின்பக்கம் கொடியில் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி காயப்போட்டேன். சாமி விளக்கைத் தொடாமல் மகனை ஏற்றச் சொன்னேன். ஐம்பது வயதில்தான் அந்த நாடகத்தை நிறுத்தினேன். அந்த நாடகத்தைத்தான் என் பிள்ளை நம்பி, அந்த மலாய்ப் பெண்ணிடம் கணக்காகச் சொன்னான்.

வைத்தியம் என்றால் ஊசி மருந்து இல்லை. பயப்படுகிற பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது. முதலில் படம், பிறகு போனில் பூனை கத்துகிற வீடியோ. மருமகள் தன் பூனையைத் தினம் படம் பிடித்து அனுப்பினாள். அதன் பிறகு அந்த மலாய்ப் பெண் என்னை ஆஸ்பத்திரி கென்டீனுக்குக் கூட்டிப் போனார். அதன் பின்பக்கத்தில் சோறு போட்டு வளர்த்த பூனைகள் எப்போதும் படுத்துக்கிடக்கும். தூரத்து பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு பக்கத்து பெஞ்சில். நெஞ்சு அடித்துக்கொள்ளும், வியர்க்கும். ஓடக் கூடாது, அது தானாக அடங்குகிற வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பார். உட்காருவேன். அடங்கவும் செய்யும். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது ராணி மாதிரி வருவேன்.

அடுத்த முறை போனால் எல்லாம் காற்றில் போயிருக்கும். திரும்பத் தூரத்து பெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன், அங்கே இருந்த வரைக்கும் ஒரு பாடத்தை இரண்டு தடவை எனக்குச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இங்கே இந்த வயதில் மக்குப் பிள்ளையாகிவிட்டேன். மருமகளுக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது.

“இல்லன்னா வேற ஆளு பாத்துக்கலாம்மா. புள்ளை பெத்தவங்களைப் பாத்துக்கச் சம்பளத்துக்கு ஆளு வராங்க” என்று மகன் ஒரு நாள் மெதுவாகச் சொன்னான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு மகனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தனியாகவே போனேன். அப்படிப் போன ஒரு நாள், காத்திருக்கிற இடத்தில் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்காடு போட்ட தமிழ் முஸ்லிம் பெண். பொந்தியானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்களாம். சும்மா இருக்க முடியாத வாய்.

“நீங்க எதுக்குப் பெரிம்மா வந்திருக்கீங்க? எனக்குப் பல்லி.”

“கால் வலி” என்றேன்.

“கால் வலிக்கு இங்க வர மாட்டாங்களே” என்று சிரித்தாள். பல்லியைப் பார்த்துச் சட்டியோடு குழம்பைக் கீழே போட்டிருக்கிறாளாம். மாமியார் அவளுக்குப் ‘பல்லி ராணி’ என்று பேர் வைத்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போதும் சிரித்தாள். “போன மாசம் நல்லா இருந்துச்சு பெரிம்மா, பிளாஸ்டிக் பல்லியைக் கையிலேயே வச்சிட்டேன். தலைக்குக் குளிக்கிறதுக்கு முந்தின வாரம் வந்துச்சு பாருங்க, எல்லாம் போச்சு. அதான் இப்ப நாள் பாத்துத்தான் எனக்கு அப்பாய்ன்மென்ட் குடுக்குறாங்க.”

“என்ன நாளு?”

“அதான், மாச நாளு. எது எப்ப வருதுன்னு கேட்டுக்கிட்டாங்க. புள்ளை தங்காம இருக்க மாத்திரை சாப்பிட்டனா, அதையும் சொன்னேன். அதுலயும் ஹார்மோன் இருக்குதாம். எனக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துக்கிட்டே போலாம்னு சொன்னாங்க.”

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எதிரில் ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். “கொஞ்சம் மெதுவாப் பேசு. இதையெல்லாம் போய்ச் சொல்லுவியா? கூச்சமா இல்ல உனக்கு?”

“கூச்சப்பட்டா பல்லி போயிடுமா பெரிம்மா?”

அந்த நேரம் பார்த்து அவளை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். என் மகளாக இருந்தால் வாயிலேயே போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் பல்லியைக் கையில் வைத்திருக்கிறாள். நான் இன்னும் தூரத்து பெஞ்சில் இருக்கிறேன்.

என் முறை வந்தது. கென்டீனுக்குப் போகலாமா என்று அந்த மலாய்ப் பெண் கேட்டார். வேண்டாம், உட்காருங்கள் என்றேன். கர்ப்பப்பைக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. அடிவயிற்றில் கையை வைத்தேன். கையால் அள்ளி எடுக்கிற மாதிரி காட்டினேன். “சூடா புவாங்” என்றேன். தூக்கிப் போட்டாயிற்று என்று அதற்கு அர்த்தம். பசாரில் அழுகின தக்காளிக்குச் சொல்கிற வார்த்தை. என் உடம்பைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவர் அவசரப்படவில்லை. “எப்ப ஆன்ட்டி?” என்று கேட்டார். மகனுக்கு எட்டு வயது என்றேன். இரண்டு பக்கமும் எடுத்தார்களா என்று கையால் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் பூனை குதித்ததையும் சொன்னேன். வார்த்தை இல்லாத இடத்தில் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக் காட்டினேன். சொல்லி முடித்தபோது தலை குனிந்திருந்தது. நிமிர மனம் வரவில்லை.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வாரம் பொய்யை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க வைத்தேனே. அவர் தண்ணீர் கொடுத்தார். பிறகு எனக்குப் புரிகிற சின்னச் சின்ன மலாயில் சொன்னார். இந்த வைத்தியத்தில் பழைய பயம் அழிவதில்லையாம். ‘இது ஒன்றும் செய்யாது’ என்று புதிதாக ஒரு பாடம் அதன் மேல் படிய வேண்டுமாம். அந்தப் பாடம் மனதில் தங்குவதற்குப் பொம்பளை ஹார்மோன் உதவி செய்கிறது என்று சில ஆராய்ச்சிகளில் தெரிகிறதாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை, இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு அந்த ஹார்மோன் ஒரே நாளில் நின்றுபோனது, அதே வாரத்தில் பயமும் வந்து உட்கார்ந்தது. ஒன்றால்தான் மற்றது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

“அப்ப எனக்குத் தங்காதா?” என்று கேட்டேன்.

“தங்கும் ஆன்ட்டி. உங்களுக்கு அடிக்கடி செய்யணும். பல இடத்துல செய்யணும். மக்குன்னு உங்களை நீங்களே திட்டிக்கிறதை நிறுத்தணும்.”

அந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுங்களேன் என்றேன். இந்த வயதில் பயத்துக்காக அதைக் கொடுக்க மாட்டார்கள், அதில் வேறு ஆபத்து இருக்கிறது என்றார். மகன் சொன்ன ஐம்பது வயதை வைத்தே நடத்தியிருந்தாலும் வைத்தியம் இதேதான் என்றார். ஆனால் பூனையை இத்தனை நாள் தப்பான இடத்தில் வைத்துக் காட்டியிருக்கிறோம் என்றார். “உங்க பயம் தரையில இல்ல ஆன்ட்டி, மடியில இருக்கு.”

புதுத் தோசைக்கல்லை நான் எத்தனை பழக்கியிருக்கிறேன். முதல் தோசை பிய்ந்துதான் வரும். அதற்காக யாரும் கல்லைத் திட்டுவதில்லை. திரும்பத் திரும்ப எண்ணெய் தடவிச் சூடு ஏற்றுவார்கள். என்னை நான் ஒரு தடவைகூட அப்படிப் பொறுமையாகப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் நினைத்தேன்.

அதன்பின் தினமும் செய்தேன். வீட்டில் சின்ன அரிசி மூட்டையை அடிவயிற்றுக்கு மேல் மடியில் வைத்துக்கொண்டு மருமகள் அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு, அங்கே படுத்திருக்கிற பூனையைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன். கென்டீனில் ஒரு கிழட்டுப் பூனை பெஞ்சில் என் பக்கத்தில் ஏறிப் படுக்கிற அளவுக்கு வந்தது. ஒரு நாள் அந்த மலாய்ப் பெண் அதைத் தூக்கி என் மடியில் வைத்தார். என் சேலை முழுக்க நனைந்தது வியர்வையால்தான், வேறு ஒன்றும் இல்லை. பின்னாலும் சறுக்கியிருக்கிறேன். ஆனால் தூரத்து பெஞ்ச் வரைக்கும் சறுக்கவில்லை.

மகனிடம் சொல்ல வேண்டுமா என்று அவரைக் கேட்டேன். அது உங்கள் விருப்பம் என்றார். வேண்டாம் என்று முடிவு செய்தேன். பயம் போனால் போதும், மானமாவது மிஞ்சட்டும் என்று.

மருமகளுக்கு மாதம் நெருங்கியபோது துணிமூட்டையோடு போய் இறங்கினேன். கேட்டைத் தாண்டி, கதவைத் தாண்டி உள்ளே போனேன். மருமகள் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அத்தை, ரூம்ல அடைச்சு வச்சிருக்கேன். பயப்படாதீங்க” என்றாள். தொடையில் சுட்ட தழும்பு இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. “தொறந்து விடும்மா. அது வீடு” என்று மட்டும் சொன்னேன்.

அது வந்தது. வெள்ளையும் பழுப்புமாக, வீடியோவில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. என்னை முகர்ந்துவிட்டுப் போய் சாமி மாடத்துக்கு முன்னால் பாயில் படுத்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்தது, மகன் வேலை முடிந்து வந்துவிட்டான். மாடம் தாழ்வாக இருந்தது. மருமகளால் குனிய முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் சுலபமாக எழுந்திருக்கவும் முடியவில்லை.

“நான் ஏத்துறேன்” என்று மகன் தீப்பெட்டியை எடுத்தான். “எனக்கென்ன புதுசா? அம்மா மாசாமாசம் ட்ரெய்னிங் குடுத்தாங்கல்ல. லயத்துலயே வெளக்கேத்தத் தெரிஞ்ச ஒரே பையன் நான்தான்.”

மருமகள் சிரித்தாள். அவன் பெருமையாகச் சொல்கிறான், ஆஸ்பத்திரியில் சொன்னதைப் போலவே. எனக்கு முகத்தில் தீ வைத்த மாதிரி இருந்தது. “குடு, நானே ஏத்துறேன்” என்று வாங்கினேன். பாயில் உட்கார்ந்து திரியைத் தூண்டி ஏற்றினேன். எரிந்து முடிந்த தீக்குச்சியைக் கீழே வைத்தபோது, பூனை எழுந்து சோம்பல் முறித்துவிட்டு என் மடியில் ஏறியது. இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, அடிவயிற்றில் முதுகைச் சாய்த்துச் சுருண்டது. அதே இடம். அதே சூடு.

எனக்கு மூச்சு நின்றது. முந்தானை தானாக வாய்க்குப் போனது.

“அம்மா!” என்று மகன் குனிந்தான். “இருங்க, நான் தூக்கிடுறேன்.”

முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன்.

“விடுடா. இருக்கட்டும். உனக்கு எட்டு வயசுல எனக்கு நடந்தது குடல்வால் ஆபரேஷன் இல்ல.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். துணியை நனைத்துக் காயப்போட்டதையும் சொன்னேன். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மருமகள் எப்போது வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள் என்று தெரியாது, அவள் கை என் தோளில் இருந்தது.

மகன் விளக்கைக் காட்டிக் கேட்டான். “அப்ப நான் ஏத்துன வெளக்கு?”

“எல்லாம் சும்மாதான்.”

“அலமாக், அம்மா! பந்து விளையாடிக்கிட்டு இருப்பேன், கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து குளிக்க வச்சு ஏத்தச் சொல்லுவீங்க. பசங்க என்னைப் ‘பூசாரி’ன்னு கூப்பிடுவானுங்க. எல்லாம் சும்மாவா?” என்று சொல்லிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. மருமகள் பூனையின் தலையைத் தடவிக் கொடுத்தாள். “தூங்கிடுச்சு அத்தை. இனிமே எழுந்திரிக்காது, கால் மரத்துப் போயிடும் உங்களுக்கு” என்றாள்.

மரத்துத்தான் போயிற்று. எண்ணெய் தீருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.